நடுவீட்டில் அமர்ந்த தெய்வம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ தம் உரையாடல் ஒன்றில் தெய்வங்களின் ஊர்வலத்தைக் காட்டுகிறார். தெய்வங்களின் அரசனாகிய சீயஸ் சிறகுபூண்ட தேரில் முன்னே செல்ல, ஏனைய தெய்வங்கள் பதினோர் அணிகளாகப் பின்தொடர்கின்றன. அடுப்புத் தெய்வமாகிய ஹெஸ்டியா மட்டும் தெய்வங்களின் வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். புறப்பட்டுப் போகிறவர்களுக்குத்தான் கதை சேர்கிறது. தங்குவதையே தொழிலாகக் கொண்டவளுக்குப் புராணத்தில் அரைப்பக்கம்கூடக் கிடைக்காமற் போனதற்கும், பயணத்தையும் போரையும் கொண்டு கட்டப்பட்ட கற்பனை உலக விளையாட்டுகளில் அவள் ஓரத்தில் நிற்பதற்கும் இதுவே காரணம் என்று கருதுகிறேன். ஆயினும் அவளுக்குக் கதை இல்லையே தவிர, விதிகள் ஏராளமாக உண்டு. விளையாட்டு என்பதோ விதிகளால் ஆனது. இந்த ஒரு கருத்தைத்தான் இன்று உங்கள் முன் விரிக்க விரும்புகிறேன்.

அவளைப் பற்றி வழங்கும் சில செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். சீயஸின் தந்தையான குரோனோஸ் விழுங்கிய தன் பிள்ளைகளுள் முதலில் விழுங்கப்பட்டவள் அவள். ஆகவே இறுதியாக வெளிவந்தவளும் அவளே. பொசைடன், அப்போலோ என்னும் தெய்வங்கள் பெண் கேட்டு வந்தபோது, சீயஸின் தலைமீது கைவைத்து, என்றும் கன்னியாகவே இருப்பேன் என்று ஆணையிட்டாள். மணத்துக்கு ஈடாகச் சீயஸ் அவளுக்கு வீட்டின் நடுவிடத்தை அளித்தார் என்று ஹோமரின் பெயரால் வழங்கும் துதிப்பாடல் ஒன்று கூறுகிறது. விருந்தில் முதல் மது வார்ப்பும் கடைசி வார்ப்பும் அவளுக்கே உரியவை. மதுத் தெய்வம் டயோனிசஸுக்காக அவள் தெய்வங்கள் வாழும் ஒலிம்பஸில் தன் இருக்கையை விட்டுக்கொடுத்தாள் என்று இன்று பலரும் எழுதுகிறார்கள். பழைய கிரேக்க நூல் எதிலும் அந்தக் கதை இல்லை. தியாகி என்ற அந்தப் பிற்காலப் பட்டம் அவளுடைய உண்மையான அதிகாரத்தை மறைத்துவிடுகிறது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அந்த அதிகாரம் எத்தகையது என்பதற்குத் தெமிஸ்டோக்ளீஸின் வாழ்க்கையே சான்று. சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை வென்ற அந்த ஏதென்ஸ் தலைவர், பின்னாளில் ஏதென்ஸாலும் ஸ்பார்ட்டாவாலும் துரத்தப்பட்டு, வேறு போக்கிடமின்றி வடமேற்குக் கிரேக்கத்து மொலோசியர்களின் அரசன் அட்மீட்டஸின் வீட்டை அடைந்தார். அட்மீட்டஸ் அவருக்கு நண்பன் அல்லன். முன்னொரு சமயம் ஏதென்ஸில் அவரால் மனக்கசப்புக்கு ஆளானவன். அரசன் வெளியே சென்றிருந்த அந்நேரத்தில் அரசி ஒரு வழி சொன்னாள்: எங்கள் குழந்தையைக் கையில் ஏந்தி அடுப்பருகே அமர்ந்துகொள்ளுங்கள். திரும்பிவந்த அரசன் அந்தக் கோலத்தைக் கண்டான். துரத்தி வந்தவர்கள் எவ்வளவு வற்புறுத்தியும் அவரை ஒப்படைக்க மறுத்துவிட்டான். இங்கே தெய்வம் தோன்றவில்லை, பேசவில்லை, இடியை எறியவுமில்லை. ஓர் இடத்தில் ஒருவர் அமர்ந்தார் என்பதே ஓர் அரசனைக் கட்டுப்படுத்தியது.

ரோமில் இவளுக்கு இணையான வெஸ்டாவின் நெருப்பு அரசின் உயிராகவே எண்ணப்பட்டது. ஆறு கன்னியர் முப்பதாண்டுகள் விரதம் பூண்டு அதைக் காத்தனர். ஆண்டுதோறும் மார்ச் 1-இல் புதுநெருப்பு ஏற்றப்பட்டது. வீடுகளிலோ லாரெஸ், பெனாடீஸ் என்னும் இல்லத் தெய்வங்களுக்குச் சிறு மாடங்கள் இருந்தன. பழைய ரோம நகரமான பாம்பேயியின் இடிபாடுகளில் அவற்றை இன்றும் காணலாம். கி.பி. 392-இல் பேரரசர் தியோடோசியஸ் பழைய வழிபாடுகளைத் தடைசெய்தபோது, பெருங்கோயில்களோடு நில்லாமல், வீட்டுக்குள் லாருக்கு நெருப்பும் பெனாடீஸுக்கு நறும்புகையும் இடுவதையும் பெயர் சொல்லி விலக்கினார். அடுக்களை வழிபாடு அற்பமானதாக இருந்திருந்தால் ஒரு பேரரசின் சட்டம் அதைத் தேடி வந்திருக்காது.

வேறு நிலங்களிலும் இதே இயல்பைக் காண்கிறோம். ஜப்பானின் வடபுலத்து ஐனு மக்கள், மற்றத் தெய்வங்களை நோக்கிய வேண்டுதல்களையும் அடுப்பில் உறையும் மூதாட்டியான கமுய் ஃபுச்சியின் வழியாகவே அனுப்பினர். சீனத்தின் அடுப்புத் தெய்வமோ, ஆண்டின் கடைசி மாதத்தில் விண்ணுலகம் சென்று குடும்பத்தின் நடத்தையை அறிவிப்பதாக நம்பப்படுகிறது. நல்லதையே சொல்லட்டும் என்று அவர் உருவத்தின் வாயில் இனிப்பைத் தடவி வழியனுப்புகிறார்கள்.

இனி விளையாட்டுகளுக்கு வருகிறேன். 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி அமர்ந்து கதைமாந்தராக வேடமேற்று ஆடும் விளையாட்டு. அது போர் விளையாட்டுகளின் வழித்தோன்றல். அதனால் தெய்வங்களையும் அது, எவ்வளவு அடி தாங்க முடியும் என்று காட்டும் ஹிட் பாயின்ட்டுகளால் அளந்தது. இல்லத்தின் காவல் அதில் பெரும்பாலும் ஹாஃப்லிங் என்னும் சிற்றுருவ மக்களின் தெய்வங்களிடம் விடப்பட்டது. 1980-இல் வந்த தெய்வத் தொகுப்பில் அவர்களுடைய தாய்த்தெய்வம் யொண்டல்லா இடம்பெற்றாள். நட்புக்கும் நம்பிக்கைக்கும் இல்லத்துக்கும் உரிய சிரல்லலீ சில ஆண்டுகளில் வந்து சேர்ந்தாள். 2004-இல் உருவான எபெரான் என்னும் அதன் கற்பனை உலகில்தான், எல்லா இனத்தாரும் வணங்கும் தெய்வக்குழுவில் போல்ட்ரே என்னும் அடுப்புத் தெய்வம் மதிப்புள்ள ஓர் இடத்தைப் பெற்றாள். அண்மையில் வந்த ஹேடீஸ் கணினி விளையாட்டின் இரண்டாம் பாகத்தில் ஹெஸ்டியாவே தோன்றுகிறாள். ஆனால் அங்கே அவள் தரும் வரம் பகைவரைச் சுடும் நெருப்பு. அவளை மறவாமல் அழைத்தார்களே என்று மகிழ்ந்தாலும், சுடும் நெருப்பை எந்தத் தெய்வமும் தரலாம், அமரும் இடத்தை இவள் ஒருத்திதான் தர முடியும் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. அடுப்பின் கொடைகள் யாவும் விதிநூலுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. அவளுடைய பெயர்தான் அங்கில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரம் ஓய்ந்தால் இழந்த ஹிட் பாயின்ட்டுகள் எல்லாம் திரும்பிவிடுகின்றன. வீரர் விருந்து என்னும் மந்திரத்தில் பன்னிருவர் வரை ஒரு மணி நேரம் ஒன்றாக அமர்ந்து உண்டால், நோயும் நஞ்சும் நீங்கி ஒருநாள் முழுதும் அச்சமின்றி இருப்பார்கள். வீட்டில் வசிப்பவர் அழைக்காமல் இரத்தம் குடிக்கும் பேயான வாம்பயர் வாசற்படியைத் தாண்ட முடியாது. அந்தப் படியைக் காப்பது யார் என்று ஆட்ட மேசையில் எவரும் கேட்பதில்லை.

ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்கள் இந்த அவையில் இருப்பீர்களானால் உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். துரத்தப்பட்ட ஒருவன் அடுப்பருகே அமர்ந்துவிட்டால், பகைவனாயினும் அவனைக் காக்கும் கடமை வீட்டுக்காரனைப் பற்றட்டும். அதை மீறியவன் வீட்டில் எட்டு மணி ஓய்வு பலிக்காமல் போகட்டும். புதிய ஊர் அமைக்கக் கடல் கடந்த கிரேக்கர்கள் தாய்நகரின் பொது அடுப்பிலிருந்தே நெருப்பை எடுத்துச் சென்றார்கள். மழையும் பகையும் மறிக்கும் வழியில் ஒரு நெருப்பை அணையாமல் கொண்டு சேர்ப்பது முழு நீளச் சாகசத்துக்குப் போதுமான பணி. அது அணைந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் ரோமர்களிடம் முறை இருந்தது. கவனம் தவறிய கன்னி சாட்டையடி பெற்றாள். மங்கல மரம் ஒன்றின் பலகையைக் கடைந்து எடுத்த நெருப்பை வெண்கலச் சல்லடையில் ஏந்தி மீண்டும் கோயிலுக்குள் கொண்டுபோனார்கள். தண்டனை, மரம், கடையும் உழைப்பு, பாத்திரம் என்ற இந்த நான்கையும் ஆட்டத்தில் அப்படியே கையாளலாம்.