ஃபேன் சுத்துது, ஆனா இன்ஜின் கொதிக்குது! பழைய ஸ்போர்ட்ஸ் காரில் யாருமே பார்க்காத கோளாறு

(திரையில்: முன் கிரில் வழியே தெரியும் ரேடியேட்டர் ஃபேன், முழு வேகத்தில்)

வணக்கம் மக்களே! இந்த ஃபேனை நல்லா பாருங்கள். வேகமாகச் சுற்றுகிறது, சத்தத்திலும் குறையில்லை. ஆனால் மதுரை கோரிப்பாளையம் நெரிசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், டெம்பரேச்சர் முள் மளமளவென்று ஏறிவிடும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்தாயிற்று, வாட்டர் பம்ப் புதுசு. அப்படியும் கொதிக்கிறது. காரணத்தைக் கண்டுபிடித்தது ஸ்கேனர் இல்லை, ஒரு துண்டு செய்தித்தாள். அதைக் காட்டத்தான் இந்த வீடியோ.

வண்டி எம்ஜிபி. இங்கிலாந்தில் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். இதை மதுரையில் யார் தொடுவார்கள் என்று கேட்காதீர்கள். இதன் 1,798 சிசி இன்ஜினும் நம் பழைய அம்பாசடர் பெட்ரோலின் 1,489 சிசி இன்ஜினும் ஒரே குடும்பம், பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியின் பி-சீரிஸ். அம்பாசடரைப் பிரித்து மாட்டிய கைக்கு இது புதுசே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். வண்டி சூடானதும் நம் ஊரில் எல்லோரும் முதலில் சொல்வது, "ரேடியேட்டரை மாத்துங்க". வேண்டாம். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் கண்டுபிடியுங்கள்: எப்போது சூடாகிறது? நிற்கும்போதா, ஓடும்போதா, மலை ஏறும்போதா? பாதி வைத்தியம் அந்தப் பதிலிலேயே முடிந்துவிடும்.

இந்த வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். திருமங்கலம் நான்கு வழிச்சாலையில் விட்டால் முள் நடுவில் அசையாமல் நிற்கிறது. அந்த வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும், ஃபேன் இல்லாமலே சமாளித்துவிடும். தண்ணீரும் ஒழுங்காக ஓடுகிறது என்று அர்த்தம். ஊருக்குள் வந்து நின்றால்தான் ஏறுகிறது. அப்படியானால் குறை காற்றில்.

ஆனால் ஃபேன்தான் ஓடுகிறதே? எல்லோரும் ஏமாந்த இடம் இதுதான். மேலூர் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒரு துண்டு பேப்பரைக் கிழித்து கிரில்லுக்கு முன்னால் பிடித்தார். ஃபேன் சரியாக இழுத்தால் பேப்பர் உள்பக்கம் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். இங்கே என்ன ஆனது?

(திரையில்: பேப்பர் படபடத்து வெளியே பறக்கிறது. மெதுவாக ஒரு முறை, திரும்ப ஒரு முறை)

பார்த்தீர்களா! ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. இன்ஜின் பக்கத்து அனலையே ரேடியேட்டர் மேல் ஊதிக்கொண்டிருக்கிறது.

எப்படி இப்படி ஆனது? 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடிக்குப் போகும். பாசிட்டிவ் எர்த். இன்றைய வண்டிகளுக்கு நேர் எதிர். இந்த எலக்ட்ரிக் ஃபேன் கம்பெனியில் வந்ததில்லை, பின்னால் யாரோ வைத்தது. வைத்தவர், பழக்க தோஷத்தில், கறுப்பு வயரை பாடியில் முடுக்கிவிட்டார். இப்போதைய ரேடியேட்டர் ஃபேன்களில் இருப்பது நிலைக்காந்த மோட்டார், வயரை மாற்றிக் கொடுத்தால் அப்படியே எதிர்ப்பக்கம் சுற்றும். நின்றுவிட்டால் யாராவது கவனித்திருப்பார்கள். சுற்றியதால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"அண்ணே, இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டேன். "ரெண்டு வயரையும் மாத்திக் கொடு தம்பி, அவ்வளவுதான்" என்றார். மாற்றுவதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும். மோட்டாரின் வெளிக்கூடே எர்த்தாக இருக்கும் வகையென்றால் அப்படி மாற்றக் கூடாது, ஷார்ட் ஆகும். இது தனி இரண்டு வயர் வகை. மாற்றினோம், ஃபியூஸ் போட்டோம், பேப்பர் கிரில்லில் ஒட்டிக்கொண்டது.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் இந்த வண்டிக்கார அண்ணன் அடுத்த மாதம் கொடைக்கானல் போகிறார். அதனால் ரேடியேட்டர் மூடியையும் பார்த்தோம். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ரேடியேட்டர் மூடி செய்வது உங்கள் வீட்டு குக்கர் வெயிட் செய்யும் அதே வேலை. அழுத்தம் ஏறினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, இன்னும் மேலே போகும். குக்கரில் சுமார் 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு), அதனால் உள்ளே ஏறக்குறைய 120 டிகிரி. ஆரம்ப கால எம்ஜிபிக்கு 7 பிஎஸ்ஐ மூடி, பிறகு வந்ததற்கு 10. பத்து பிஎஸ்ஐ பிடித்தால் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 115 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும்.

இப்போது கொடைக்கானலுக்கு வாருங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அங்கே பருப்பு வேக நேரமாவது அதனால்தான். உங்கள் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தால் அது மூடியே இல்லை, வெறும் தகரம். இந்த இன்ஜினில் இருக்கும் தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு, 82 டிகிரியில் திறக்க ஆரம்பித்து, முழுதாகத் திறக்கவே இன்னும் பத்து டிகிரிக்கு மேல் ஆகும். அதாவது, தெர்மோஸ்டாட் முழுசாகத் திறக்கிற சூட்டில் ரேடியேட்டர் தண்ணீர் மலை மேலே கொதிக்கத் தொடங்கியிருக்கும்! வத்தலக்குண்டு தாண்டியதும் செகண்ட் கியரில் இன்ஜின் முழு பாரம் இழுக்கிறது, வேகம் கிடையாது, காற்றும் குறைவு. அதோடு இதுவும் சேர்கிறது. மலைப்பாதையில் பானெட்டைத் திறந்துபோட்டு நிற்கும் பழைய வண்டிகளைப் பார்த்தால் முதலில் மூடியைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

வாங்கும்போது பிஎஸ்ஐ மட்டும் பார்த்தால் போதாது. மூடியின் உள் ஆழமும் முக்கியம். கழுத்து ஆழமான ரேடியேட்டருக்குக் குட்டை மூடி போட்டால், ரப்பர் வாஷர் அடியில் போய் உட்காரவே உட்காராது. பார்க்க இறுக்கமாக மூடியதுபோலத்தான் இருக்கும். அழுத்தம் மட்டும் நிற்காது.

இன்னொன்று, தயவுசெய்து கேளுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். அழுத்தம் போன அந்த நொடியில் 110 டிகிரித் தண்ணீர் ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். ஓரமாக நிறுத்துங்கள், மேல் ஹோஸைக் கை வைத்துத் தாங்கும் அளவுக்கு ஆறவிடுங்கள். நிறுத்த இடமே இல்லையா? வண்டியில் ஹீட்டர் இருந்தால் முழுசாகத் திறந்துவிடுங்கள். மதுரை வெயிலில் ஹீட்டரா என்று தோன்றும். ஆனால் அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டை வெளியே இழுக்கும்.

அடுத்தது தெர்மோஸ்டாட். "நம்ம ஊர் சூட்டுக்கு இது தேவையில்லை, கழற்றிப் போடுங்க" என்று சொல்லாத பட்டறை குறைவு. இதில் எனக்குச் சமரசமே கிடையாது. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர ரொம்ப நேரமாகும். பெட்ரோல் கூடக் குடிக்கும், ஆயில் கெடும், சிலிண்டர் தேயும். சந்தேகமாக இருந்தால் சோதித்துப் பாருங்கள்: நூலில் கட்டி, அடியில் படாமல், வெந்நீரில் தொங்கவிடுங்கள், கூட ஒரு தெர்மாமீட்டர்.

(திரையில்: பாத்திரத்துக்குள் தெர்மோஸ்டாட், பக்கத்தில் தெர்மாமீட்டர் 80ஐத் தாண்டுகிறது)

இதோ பாருங்கள், நடுவில் இருக்கும் பித்தளைத் தட்டு மெல்ல விலகுகிறது. முதலில் தலைமுடி அளவு இடைவெளி, அப்புறம் விரல் நுழையலாம் போல. உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து தள்ளுகிறது. இது நல்ல பொருள், திரும்ப மாட்டிவிட்டோம். திறக்காவிட்டால் மட்டும் புதுசு வாங்குங்கள்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வேகமாக ஓட்டும்போது மட்டும் சூடானால் ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, அல்லது ஆக்சிலரேட்டரைக் கூட்டும்போது கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகிறது. பானெட்டைத் திறந்து, கை தள்ளி நின்று பார்த்தாலே தெரியும். இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பின்தங்கினாலும் சூடாகும். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் பழைய கார்புரேட்டரின் கலவை லீன் (பெட்ரோல் குறைந்து காற்று கூடியது) ஆகிவிடும், அதையும் சரிபாருங்கள். ஸ்டார்ட் செய்த உடனே ரேடியேட்டரில் விடாமல் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு) போய்விட்டது, அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

கடைசியாகத் தண்ணீர். போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் படியும் சுண்ணாம்பு, இரும்பைவிடப் பல மடங்கு மந்தமாகத்தான் சூட்டைக் கடத்தும். இந்த இன்ஜினில் சகதி போய்ச் சேரும் இடம் பின்னால், நாலாவது சிலிண்டர் பக்கம். பிளாக்கின் பின்கோடியில் இருக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றினோம், ஒரு சொட்டு வரவில்லை. கம்பியால் குத்தியதும் செம்மண் குழம்பு மாதிரி கொட்டியது. தெளிந்த தண்ணீர் வரும் வரை ஹோஸ் பிடித்தோம். பிறகு டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றினோம். இங்கே பனி உறையாது, அதனால் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் போதும். துருப்பிடிக்காமல் காக்கத்தான் அது.

உங்களிடம் பழைய வண்டி இருந்தால், சூடாவது எந்த இடத்தில், எந்த கியரில், ஏசி வைத்த வண்டியா என்பதையெல்லாம் சேர்த்து கமெண்டில் எழுதுங்கள். வெறுமனே "ஹீட் ஆகுது" என்று எழுதினால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.