ஆறரை பவுண்டும் நம்ம போஸ்ட்மேன் தாத்தாவும்

வணக்கம் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க? ஞாயித்துக்கிழமைன்னா நம்ம சேனல்ல சமையல் வீடியோதான் வரும், தெரியும். மாவு கூட அரைச்சு வச்சாச்சு. ஆனா நேத்து நான் யாரப் பாத்தேன்னு உங்ககிட்ட சொல்லாம என்னால இட்லித் தட்டக் கையில எடுக்க முடியல. ராத்திரி சரியாத் தூங்கக்கூட இல்ல.

நம்ம போஸ்ட்மேன் தாத்தாவப் பாத்துட்டேன்!

பழைய ஆளுங்களுக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கும். புதுசா வந்தவங்களுக்காகச் சொல்றேன். நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல, நைட் டியூட்டி முடிஞ்சு வந்து தூக்கம் வராதப்ப, இங்கிலாந்து துப்பறியும் சீரியலா போட்டுப் பாத்துத்தான் இவங்க பேசற இங்கிலீஷையே காதுல ஏத்திக்கிட்டேன். ஹீரோ இன்ஸ்பெக்டர் யாரா வேணா இருக்கட்டும். எனக்குப் புடிச்சது ரெண்டு நிமிஷம் வந்துட்டுப் போற ஆளுங்கதான். பாதிரியார், தோட்டக்காரர், கடைக்காரர். அதுல ஒருத்தர்தான் நம்ம தாத்தா. ஒரு எபிசோட்ல போஸ்ட்மேனா வருவார். கேட் கிட்ட நிக்கிற போலீஸ்காரர், அந்த வீட்டு அம்மா இறந்துட்டாங்கன்னு சொல்வார். இவருக்கு வசனமே கிடையாது. கையில எடுத்து வச்சிருந்த லெட்டர்களப் பாப்பார், கோட்டு மேல மெதுவா ஒரு தடவ துடைப்பார், திரும்பப் பைக்குள்ள வைப்பார். போறப்ப தொறந்து கெடந்த கேட்ட இழுத்துக் கொண்டி போட்டுட்டுப் போவார். அவ்வளவுதான். அந்தத் துடைக்கிறத நான் எத்தன வீடியோல உங்களுக்கு நடிச்சே காட்டிருக்கேன்!

பேரு சொல்ல மாட்டேன். கமெண்ட்ல கேக்காதீங்க, கண்டுபுடிச்சாலும் தயவு செஞ்சு எழுதாதீங்க. அவர் அந்த ஊர்லயேதான் குடியிருக்கார். என் பேரும் வேண்டாம், ஊர் பேரும் வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். நான் வாக்குக் குடுத்துட்டேன். தெற்கு ஆக்ஸ்ஃபோர்டுஷயர்ல ஒரு சின்ன கிராமம், அது மட்டும் சொல்றேன். வாலிங்ஃபோர்டு வீடியோ ஞாபகம் இருக்கா? 1997ல ஆரம்பிச்ச மிட்சோமர் மர்டர்ஸ்ங்கற துப்பறியும் சீரியல்ல காஸ்டன்னு காட்டற ஊரு அதுதான்னு சந்து சந்தா கூட்டிட்டுப் போனேனே. அப்படியே பக்கத்துல சோல்ஸி சர்ச்சுல அகதா கிறிஸ்டி சமாதியும் பாத்தோம், 1976ல அடக்கம் பண்ணினது. அந்தப் பக்கந்தான்.

அங்க நேத்து ஃபேட் நடந்துச்சு. ஃபேட்னா, நம்ம ஊர்த் திருவிழாவையும் பள்ளிக்கூட ஆண்டு விழாவையும் ஒண்ணாக் கலந்த மாதிரி, ஒரு நல்ல காரியத்துக்குக் காசு சேக்க ஊரே சேந்து நடத்தறது. கேக் ஒருத்தர் சுடுவார், பழைய புத்தகம் ஒருத்தர் விப்பார், யார் வீட்டு நாய்க்கு வால் அழகுன்னு போட்டி கூட உண்டு. இந்தத் தடவ சேத்தது ஏர் ஆம்புலன்சுக்கு. இங்க ஏர் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் பறக்கறது பெரும்பாலும் ஜனங்க குடுக்கற காசுலதான், அரசாங்கக் காசுல இல்ல. நான் எமர்ஜென்சில வேலை பாக்கற நர்ஸ், உங்களுக்குத் தெரியும். அந்தச் சத்தம் கேட்டாலே கை தானா கிளவுஸத் தேடும். அதனால லீவு நாளா இருந்தாலும் போகணும்னு முடிவு பண்ணிட்டேன். அவர் வருவார்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது.

சரி, இப்பக் காசு கதைய சொல்லியே ஆகணும், ஏன்னா எனக்கு இன்னும் கோவம் அடங்கல. போஸ்டர்ல நேரம் இருக்கு, எடம் இருக்கு, நாய்ப் போட்டிக்கு விதிமுறை பத்து வரி இருக்கு. ரொக்கம் மட்டும்தான்னு ஒரு வரி இல்ல! வாசல்ல ஒரு பெரியவர் குடை புடிச்சுக்கிட்டு, கார்டு மெஷினத் தலைக்கு மேல தூக்கித் தூக்கிக் காட்டறார், சிக்னல் எடுக்கவே இல்ல. பக்கத்துல ஏடிஎம் எங்கன்னு கேட்டா நாலு மைல் தள்ளிங்கறார். முன்ன இங்கயே ஒரு பேங்க் இருந்துச்சாம், மூடிட்டாங்களாம். கையில காசு வச்சுப் பழகின வயசானவங்க என்னதான் பண்ணுவாங்க, சொல்லுங்க?

காருக்கு ஓடினேன். கதவு இடுக்கு, சீட்டுக்கு அடி, டேஷ்போர்டு டப்பா எல்லாம் தொழாவி மொத்தம் 5 பவுண்டு 50 பென்ஸ் தேத்திட்டேன். இல்ல இல்ல, 6 பவுண்டு 50. சூப்பர் மார்க்கெட் வண்டிக்குப் போடறதுக்குன்னு சாவிக் கொத்துல ஒரு பவுண்டு வச்சிருப்பேனே, அத மறந்துட்டேன், அதையும் கழட்டினேன். இந்த ஆறரை பவுண்டுலதான் நேத்து முழுக்க ஓட்டினேன், கணக்கு சொல்றேன் கேளுங்க. நுழைவு 2 பவுண்டு. மிச்சம் நாலரை.

உள்ள போனா ஒரே சாரல். கூடவே காத்து. நம்ம ஊர்ல ஆடி பொறந்துடுச்சு இல்லையா, ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்போது புத்தகக் கடைக்குப் போட்ட கூடாரம் எம்மாத்திரம்? என் கண்ணு முன்னாடியே ரெண்டு கால் மண்ணுலருந்து புடுங்கிக்கிச்சு. நாலு பேர் ஓடிப் போய்த் தொங்கி அத இறக்கினாங்க. ஆனா ஒருத்தர் கூட வீட்டுக்குக் கிளம்பல மக்களே! ரெயின்கோட்ட மாட்டிக்கிட்டு வரிசைல நிக்கறாங்க. இந்த ஊர்க்காரங்ககிட்ட எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான். டீக்கடை அம்மா சொன்னாங்க, ஜூலை 15 இங்க ஸ்விதின்னு ஒரு புனிதரோட நாளாம், அன்னைக்கு மழை பேஞ்சா தொடர்ந்து நாப்பது நாள் பெய்யும்னு பழைய நம்பிக்கையாம். இந்த வருஷம் அன்னைக்குப் பேஞ்சுச்சு, அப்ப இன்னும் கெடக்குன்னு சொல்லிட்டு எனக்கு இன்னொரு துண்டு கேக் வச்சுட்டாங்க. டீயும் கேக்கும் 2 பவுண்டு 50. டீ எனக்குப் புடிக்கல, தண்ணில பால் பட்ட மாதிரி இருந்துச்சு, அது எப்பவும் நான் சொல்றதுதான். கேக் பிரமாதம். ரெண்டு அடுக்கு, நடுவுல ராஸ்பெர்ரி ஜாம் மட்டும், க்ரீம் கிடையாது, மேல சும்மா சர்க்கரைத் தூவல். விக்டோரியா ஸ்பாஞ்ச்னா அப்படித்தான் இருக்கணும், க்ரீம அப்பி வச்சா அது வேற கேக்.

மிச்சம் 2 பவுண்டு. தேங்கா அடிக்கிற கடைல ஒரு பவுண்டுக்கு மூணு பந்து. கம்பு மேல தேங்காய நிக்க வச்சிருப்பாங்க, பந்தால அடிச்சுக் கீழ தள்ளினா தேங்கா நமக்கு. மூணாவது பந்துல விழுந்துச்சு! தோ பாருங்க, இதுதான். இத அப்புறம் உடைப்போம்.

இப்ப வருது விஷயம். மழை வலுக்கவும் திறப்பு விழாவ ரத்து பண்ணிட்டு, பாதிக் கடைய ஊர் ஹாலுக்குள்ள மாத்திட்டாங்க. டோம்போலா மேஜையும் உள்ள வந்துடுச்சு. அது என்னன்னா, வாளி நிறைய மடிச்ச சீட்டு இருக்கும். எடுக்கற நம்பர் அஞ்சுலயோ சைபர்லயோ முடிஞ்சா பரிசு. ஒயின் பாட்டில், ஊறுகா பாட்டில், குளிக்கிற சோப்பு, ஒவ்வொண்ணுலயும் அதே நம்பர ஒட்டி வச்சிருப்பாங்க. ஒரு சீட்டு 50 பென்ஸ். நான் ரெண்டு எடுக்கலாம்னு நின்னா, மேஜைக்குப் பின்னாடி அவர்!

முதல்ல கையத்தான் அடையாளம் தெரிஞ்சுது. முகத்தப் பாக்கறதுக்கு முன்னாடியே கை தெரிஞ்சுடுச்சு. ஈரச் சீட்ட வாங்கி, ஸ்வெட்டர் மேல ஒரு தடவ துடைச்சு, அப்புறம்தான் பிரிக்கிறார். அதே துடைப்பு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

திறந்து வைக்கத்தான் அவரக் கூப்பிட்டிருந்தாங்களாம், அது நடக்கலன்னதும் டோம்போலாவுக்கு ஆள் பத்தலன்னு இவரே உக்காந்துட்டாராம். எனக்கு முன்னாடி ஒரு பையன், ஆறேழு வயசு இருக்கும். அவன் எடுத்த சீட்டு நல்லா நனைஞ்சு மை கலைஞ்சிருக்கு. முன்னூத்தி எண்பத்தஞ்சா, எண்பத்தாறா? அஞ்சுன்னா பெரிய சாக்லேட் டப்பா. தாத்தா பல்பு வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பாத்தார். கண்ணாடியப் போட்டுப் பாத்தார். அப்புறம் பையன்கிட்டயே குடுத்து, "உன் கண்ணு என்னுத விட நல்லாருக்கும், என்ன தெரியுதுன்னு நீ சொல்லு"ன்னார். பின்னாடி வரிசையே மூச்சு விடாம நிக்குது. பையன் ரொம்ப நேரம் உத்துப் பாத்துட்டு, "ஆறு"ன்னான்.

தாத்தா சிரிக்கல, முதுகுல தட்டல, ஒண்ணும் பண்ணல. "அப்ப ஆறுதான்"னார். சீட்ட மடிச்சுத் தன் சட்டைப் பைல வச்சுக்கிட்டார். பையன் போறவரைக்கும் அவனயே பாத்துட்டிருந்தார். நான் எத்தனையோ தடவ ஸ்கிரீன்ல பாத்த மூஞ்சி அது, எல்லாரும் நகந்ததுக்கு அப்புறமும் அப்படியே நிக்கிற மூஞ்சி.

என் முறை வந்துச்சு. முதல் சீட்டு 118, இல்ல. ரெண்டாவது 742, அதுவும் இல்ல. அத்தோட ஆறரை பவுண்டும் முடிஞ்சுது. நகர முடியாம நின்னேன். சார், அந்த போஸ்ட்மேன் நீங்கதானேன்னு கேட்டுட்டேன். அத யார் ஞாபகம் வச்சிருக்காங்கன்னு கேட்டார். நான் இருக்கேன் சார், லெட்டரத் துடைப்பீங்களே, அத மறக்கவே முடியாதுன்னேன். அந்த அம்மா மேல உங்களுக்கு இருந்த பாசம் பூரா அந்த ஒரு துடைப்புல இருக்குன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசிச்சார். அப்புறம் சொன்னார், அன்னைக்கு மழைம்மான்னு. அம்மான்னா சொன்னார், மை டியர்னு சொன்னார், எனக்கு அம்மான்னுதான் காதுல விழுந்துச்சு. அந்த சீன் எடுத்த அன்னைக்கு விடாம மழையாம். நான் விடல, அந்த சீன்ல மழையே கிடையாது சார், நூறு தடவ பாத்திருக்கேன்னேன். அதுக்கு அவர், நிஜ மழை கேமராவுல தெரியாது, பின்னாடிலருந்து லைட் அடிச்சாத்தான் துளி தெரியும்னார். அதனாலதான் சினிமாவுல மழை வேணும்னா குழாய் வச்சுப் பெரிய பெரிய துளியா ஊத்தறாங்களாம். நம்ம ஊர்ல மழைப் பாட்டுக்குத் தண்ணி லாரி கொண்டாந்து நிறுத்தறாங்களே, அதுக்கும் இதான் காரணம் போல. அப்ப நீங்க துடைச்சது நடிப்பு இல்லையான்னு கேட்டேன். அதுக்கு அவர் சொன்னத அப்படியே சொல்றேன்: "ஈர லெட்டர எந்த போஸ்ட்மேனும் பைக்குள்ள வைக்க மாட்டான். உள்ள மத்தவங்க லெட்டர் இருக்கு இல்ல?"

மக்களே, எனக்கு ஒரு செகண்ட் ஒண்ணும் ஓடல. இத்தன வருஷமா நான் அத துக்கம்னு நெனச்சுட்டிருந்தேன். அவர் மத்தவங்க லெட்டரப் பத்தி நெனச்சிருக்கார். எனக்கு இப்ப அந்த சீன் முன்ன விடப் புடிக்குது. ராத்திரி வந்ததும் போட்டுப் பாத்தேன். நிறுத்தி நிறுத்திப் பாத்தா அவர் தோள்பட்டை ரெண்டும் கறுப்பா நனைஞ்சிருக்கு. தொப்பி விளிம்புல ஒரே ஒரு சொட்டு தொங்கிட்டிருக்கு. இத நான் எப்படிப் பாக்காம விட்டேன்?

இன்னொண்ணு. இடது பக்கம் இப்ப ஓடிட்டிருக்கே, வாசல்ல நான் எடுத்தது, அதுலயும் பாருங்க, மழையே பேயாத மாதிரி இருக்கு. எல்லாரும் சும்மா குடை புடிச்சு நிக்கற மாதிரித் தெரியுது. நான் தொப்பலா நனைஞ்சுட்டுத்தான் அத எடுத்தேன், நம்புங்க. ஹாலுக்குள்ள எதுவும் எடுக்கல, அவர் வேண்டாம்னுட்டார்.

ஐயோ, கையெழுத்து! அதச் சொல்லாம விட்டுட்டேன். பேப்பர் எதுவும் இல்ல, அந்த 742 சீட்டையே நீட்டினேன். பேனா ஈரத்துல எழுதல. ரேஃபிள், அதாவது குலுக்கல் பரிசுச் சீட்டு விக்கிற பொண்ணுகிட்ட பென்சில் வாங்கி, முதல்ல சீட்ட ஸ்வெட்டர்ல துடைச்சுட்டு, அப்புறம் போட்டுக் குடுத்தார். அரிசி டப்பாக்குள்ள வச்சிருக்கேன், ஈரம் இழுத்துக்கும்னு எங்க அம்மா சொல்வாங்க. காமிக்க முடியாது, பேரு இருக்கு.

ரேஃபிளுக்குக் காசு இல்லாமப் போச்சுன்னு மனசு கேக்கல. வீட்டுக்கு வந்து ஏர் ஆம்புலன்ஸ் வெப்சைட்ல 20 பவுண்டு போட்டேன். யூகேல வருமான வரி கட்டறவங்க அங்க கிஃப்ட் எய்டுன்னு ஒரு பெட்டி இருக்கும், அத டிக் பண்ண மறக்காதீங்க. நாம கூட ஒரு பைசா குடுக்க வேண்டாம், ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசாங்கம் சேத்துக் குடுக்கும். என் 20 அங்க 25 ஆயிடுச்சு.

சரி, தேங்காய உடைக்கலாம். இங்க கடைல வாங்கற தேங்கா பாதி நேரம் அழுகித்தான் இருக்கும், அதான் எனக்கு பயமே. இருங்க, கேமராவ இங்க வைக்கறேன். தெரியுதா? ஒண்ணு... ரெண்டு... ஆ! பாருங்க, பாருங்க, நல்லா வெள்ளை வெளேர்னு இருக்கு. தண்ணி கூட இனிக்குது. சட்னிக்குப் பச்ச மொளகா எடுத்துட்டு வரேன், இருங்க.