4கே மானிட்டர் வாங்கிய பிறகும் குதிரை வால் மங்கலாகத்தான் தெரிந்தது

வணக்கம் மக்களே! குரல் கரகரப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நேற்று ராத்திரி மூன்று மணி வரை தூங்கவில்லை. காரணம் இதோ பின்னால் நிற்கிறதே, இந்தக் கறுப்பு மகாராஜாதான். ஆமாம், வாங்கிவிட்டேன். 27 இன்ச், 4கே. 'இந்த வருஷம் கம்ப்யூட்டருக்கு ஒரு ரூபாய் செலவழிக்க மாட்டேன்' என்று பொங்கல் வீடியோவில் சொன்னேனே, அதை யாரும் போய்த் தோண்ட வேண்டாம்.

மாட்டியதும் வழக்கம்போல ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேம். அதன் ஹீரோ ஆர்தர் குதிரையில் ஏறுகிறான், நான் கண்ணை அகல விரித்து உட்கார்ந்திருக்கிறேன். குதிரை வால்? சோறு வடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தால் எப்படித் தெரியுமோ, அப்படி. போதாததற்கு மவுஸ் வேறு இழுத்து இழுத்து நகர்கிறது. செட்டிங்கில் பார்த்தால் 30 ஹெர்ட்ஸ்!

பழைய டிவி பெட்டியோடு வந்த கேபிளை மாட்டியிருக்கிறேன். ஹெச்டிஎம்ஐ 1.4 காலத்துச் சரக்கு. அதில் 4கே போகும், ஆனால் நொடிக்கு 30 படம்தான். 60 வேண்டுமென்றால் 2.0, 120 வேண்டுமென்றால் 2.1. சரி என்று வெயிலில் ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். கடைக்காரர் ஒரு கேபிளை நகைக்கடை மாதிரி வெல்வெட் பையிலிருந்து எடுக்கிறார். தங்க முலாம், 1,800 ரூபாய், 'படம் பளிச்சுன்னு இருக்கும் தம்பி' என்கிறார். அண்ணே, இது டிஜிட்டல் சிக்னல், ஒழுங்காகப் போய்ச் சேரும், இல்லையென்றால் படம் வெட்டும், தங்கம் பூசினால் பளிச்சென்று ஆகாது என்று சொல்லி, இருபது நிமிஷம் பேரம் பேசி, 1,150-க்கு வாங்கிப் பெரிய வெற்றி மாதிரி வெளியே வந்தால், நாலு கடை தள்ளி அதே கேபிள், அதே வெல்வெட் பை, 450. அந்த 700 ரூபாய் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. இதில் ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன், மானிட்டர் பெட்டியிலேயே ஒரு கேபிள் இருந்திருக்கிறது, தெர்மாகோலுக்கு அடியில். இன்று காலைதான் பார்த்தேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன், 60 ஹெர்ட்ஸ், மவுஸ் வெண்ணெய். குதிரை வால்? அதே சோற்று ஆவி.

அப்புறம்தான் உறைத்தது. போன வருஷம் பழைய கிராபிக்ஸ் கார்டில் இந்த கேமை ஓட்டிக் காட்டினேனே, அப்போது ரெசல்யூஷன் ஸ்கேலை, அதாவது திரை அளவில் எத்தனை பங்குக்குக் கேம் வரைய வேண்டும் என்கிற செட்டிங்கை, பாதியாக வைத்தது அப்படியே கிடக்கிறது. திரையில் இருப்பது 3840-க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளி. கேம் வரைவதோ 1920-க்கு 1080, 21 லட்சம்கூட இல்லை. நாலு பேர் சாம்பாரில் தண்ணீர் விட்டுப் பதினாறு பேருக்கு ஊற்றுகிற கதை.

இது புதுத் தந்திரமும் இல்லை. எக்ஸ்பாக்ஸ் 360-இல் 2007-இல் வந்த ஹேலோ 3 கேம் உண்மையில் வரைந்தது 1152-க்கு 640தான், சாதாரண ஹெச்டி அளவான 720பி-கூடக் கிடையாது. புள்ளியை எண்ணிப் பார்த்தவர்கள் கொதித்தார்கள். ஆனால் அதைச் செய்த பங்கி நிறுவனம் அதில் மிச்சமான சக்தியை வெளிச்சத்துக்குச் செலவழித்திருந்தது, ஒரே காட்சிக்கு இரண்டு பஃபர் (படத்தை வரைந்து வைக்கும் இடம்) வைத்து, பளீர் வெயிலும் இருட்டும் சேர்ந்தே தெரிகிற மாதிரி. என்னைக் கேட்டால் அது சரியான முடிவு.

புள்ளி எண்ணிக்கை மட்டும் போதாது, நம்பாவிட்டால் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் கேமை 4கே-யில் ஓட்டிப் பாருங்கள், நான் பார்த்தேன். ஹீரோ சிஜே-யின் தோள் விளிம்பு கத்தி மாதிரி இருக்கிறது, சுவர் மட்டும் எச்சில் தொட்டு அழித்த சிலேட்டு. ஏனென்றால் அது 2004-இல் பிளேஸ்டேஷன் 2-க்குச் செய்தது, அந்தப் பெட்டியின் வீடியோ மெமரி மொத்தமே 4 எம்பி. டெக்ஸ்சரில், அதாவது சுவர்மேல் ஒட்டிய படத்தில், இல்லாத செங்கல்லை எந்த மானிட்டரும் கொண்டுவராது. 2021-இல் அதைப் புதுப்பித்து டெஃபினிட்டிவ் எடிஷன் என்று விட்டபோதோ இன்னும் மோசம். படத்தைத் தெளிவாக்குகிறேன் என்று பழைய பனிமூட்டத்தை எடுத்துவிட்டார்கள், மலை உச்சியில் ஏறினால் மொத்த மேப்பும் மொட்டைமாடி அளவில் தெரிந்தது. 'டஃப் நட்' டோனட் கடைப் பலகையில் இருந்த ஆறு முனை நட்டையும் மழமழவென்று வட்டமாக்கிவிட்டார்கள், அந்தச் சிலேடையே போச்சு. இதற்கு நேர்மாறாக ரெட் டெட்டில் வரும் வேலன்டைன் ஊர்ச் சேற்றைப் பாருங்கள், விளக்கு வெளிச்சம் ஈரத்தில் ஒருமாதிரி, காய்ந்த மண்ணில் ஒருமாதிரி விழுகிறதே, அது 1080பி-யிலும் சேறாகத்தான் தெரியும்.

அட, ரோட்டை மறந்துவிட்டேன்! அனிசோட்ரோபிக் ஃபில்டரிங். காலடியில் மண் தெளிவாக இருக்கும், பத்தடி தள்ளிச் சாய்வாகப் பார்த்தால் கஞ்சி ஆகிவிடும். அதைத் தடுப்பதுதான் இந்த செட்டிங், 16-இல் வையுங்கள், இன்றைய கார்டுக்கு அது ஒரு வேலையே இல்லை. அசைந்தால் படத்தை மங்கலாக்கும் மோஷன் பிளர், பழைய சினிமா மாதிரி பொடி தூவும் ஃபிலிம் கிரெய்ன், ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகப் பிரியுமே அந்தக் கண்றாவி, கேம் திறந்ததும் இவற்றுக்கெல்லாம் நான் முதலில் சமாதி கட்டிவிடுவேன், உங்களுக்கே தெரியும்.

வால் கதைக்கு வருகிறேன். ஸ்கேலை முழுசாக ஏற்றினால் கார்டு மூச்சு வாங்குகிறது, நொடிக்கு 34 ஃபிரேம், அதாவது 34 படம்தான். ஏற்றியும் முடி கொஞ்சம் ஈஷிக்கொண்டுதான் இருந்தது, அதற்குக் காரணம் டிஏஏ என்கிற விளிம்பு மழுப்பும் செட்டிங். படிக்கட்டு விளிம்பை மறைக்க முந்தைய ஃபிரேம்களைக் கலந்து தடவுகிறது, அசைகிற முடியும் இலையும் அதில் மாட்டிக்கொள்கின்றன. கடைசியில் டிஎல்எஸ்எஸ் என்கிற என்விடியா கார்டு வசதியைப் போட்டு, குவாலிட்டியில் வைத்தேன். இந்த கேமுக்கு அது 2021-இல் வந்தது. உள்ளே 1440பி-யில் வரைந்து 4கே-வாக நிமிர்த்துகிறது. இதுவும் தண்ணீர் சாம்பார்தானே என்பீர்கள், முழுக்க இல்லை, இதுவும் பழைய ஃபிரேம்களைத்தான் எடுக்கிறது, ஆனால் எந்தப் புள்ளி எங்கே நகர்ந்தது என்று பார்த்துச் சேர்ப்பதைப் பயிற்சி கொடுத்த ஏஐ செய்கிறது. 52 ஃபிரேம், வாலில் முடி முடியாகத் தெரிகிறது. ராத்திரி இரண்டே முக்காலுக்குக் குதிரைக்குப் பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், உதைத்துவிட்டது.

சரி, நான் விளையாடப் போகிறேன். கேபிள் 200 ரூபாய்க்கே கிடைக்கும் என்று மட்டும் யாரும் கமெண்டில் எழுதாதீர்கள்.