கதவுக்கு வெளியே நின்றவர்கள்

நண்பர்களே, வணக்கம்.

கூடைப்பந்தைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சமும், அதைப் பார்க்கிறவர்களைப் பற்றி நிறையவும் பேசப்போகிறேன்.

2013 ஜூன் 18, இரவு. அமெரிக்காவின் மயாமி நகரத்தில், அந்நாட்டின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வின் இறுதித் தொடரில் ஆறாவது ஆட்டம். மொத்தம் ஏழு ஆட்டங்கள். நான்கை முதலில் வெல்பவர்களுக்குக் கோப்பை. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் மூன்று வென்றிருந்தது, மயாமி ஹீட் இரண்டு. ஆட்டம் முடிய 28 விநாடி இருக்கும்போது ஸ்பர்ஸ் 94, ஹீட் 89. ஐந்து புள்ளி வித்தியாசம். கோப்பை வழங்கும் ஏற்பாட்டுக்காக ஆடுகளத்தின் ஓரத்தில் மஞ்சள் நிறக் கயிற்றை இழுத்துக் கட்ட ஊழியர்கள் வந்துவிட்டார்கள். மயாமி ரசிகர்கள் பலர் எழுந்து படியேறி வெளியே போக ஆரம்பித்தார்கள். சொந்த மண்ணில் எதிரணி கோப்பையைத் தூக்குவதை எதற்குப் பார்க்க வேண்டும்?

அப்புறம் நடந்தது உங்களில் பலருக்கு மனப்பாடம். ஹீட் அணியின் லெப்ரான் ஜேம்ஸ் தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து ஒரு மூன்று புள்ளிக் கூடை போட்டார். ஸ்பர்ஸ் அணியின் கவாய் லெனார்டுக்கு, யாரும் தடுக்காமல் நின்று எறியும் ஒரு புள்ளி வாய்ப்பான ஃப்ரீ த்ரோ இரண்டு கிடைத்தது. ஒன்று தவறியது, ஒன்று விழுந்தது. 95-92. லெப்ரான் மறுபடி எறிந்தார், பந்து வளையத்தில் பட்டுத் திரும்பியது. அவர் அணியின் கிறிஸ் பாஷ் அதைத் தாவிப் பிடித்தார். ரே ஆலன் கூடைக்குப் பக்கத்திலிருந்து பின்பக்கமாகவே அடியெடுத்து வைத்து, காலுக்குக் கீழே கோடு எங்கே இருக்கிறது என்று குனிந்தே பார்க்காமல் வலது மூலைக்குப் போய் நின்றார். பாஷிடமிருந்து பந்து வந்தது. எறிந்தார். 5.2 விநாடி மிச்சம் இருக்கையில் 95-95. கூடுதல் நேரத்தில் ஹீட் 103-100 என்று வென்றது.

வெளியே போனவர்களுக்கு அரங்கம் அதிரும் சத்தம் கேட்டது. ஓடி வந்தார்கள். கதவு திறக்கவில்லை, ஒருமுறை போனால் திரும்ப வர முடியாது என்பது விதி. உள்ளே எழுந்த ஆரவாரத்தைக் கேட்டுக்கொண்டு கதவைத் தட்டித் தட்டி நின்றவர்களைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள்.

அன்றிலிருந்து அவர்களைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த 28 விநாடி இருக்கும்போது ரிமோட் என் கையில் இருந்தது. அணைக்கும் பொத்தான்மேல் என் கட்டைவிரல் இருந்தது. அவர்கள் கதவைத் தாண்டிவிட்டார்கள், நான் பொத்தானை அழுத்தவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அதோடு, ஆட்டம் முடியும் முன்னே எழுந்து போகிறவர்கள் சிலர்தான். ஆட்டக்காரரின் கதை முடியும் முன்னே எழுந்து போகிறவர்கள் நாம் எல்லோருமே. ஒரு தொடர், ஒரு இரவு, சில சமயம் ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ. அதைப் பார்த்துவிட்டு 'இவர் இவ்வளவுதான்' என்று சொல்லிவிடுகிறோம்.

அந்த ஃப்ரீ த்ரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்ட கவாய் லெனார்டுக்கு அப்போது வயது 21. இரண்டும் விழுந்திருந்தால் ரே ஆலனின் எறிதல் சமன்செய்திருக்காது. ஏழாவது ஆட்டத்திலும் ஸ்பர்ஸ் தோற்றது. அடுத்த ஆண்டு அதே இரண்டு அணிகள் மோதின. ஸ்பர்ஸ் 4-1 என்று வென்றது, தொடரின் சிறந்த வீரர் விருது லெனார்டுக்கு. 2019-ல் அவர் டொராண்டோ ராப்டர்ஸ் அணிக்காக ஆடினார். பிலடெல்பியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், ஆட்டம் முடியும் மணி ஒலிக்கும் நேரத்தில் மூலையிலிருந்து அவர் எறிந்த பந்து வளையத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு முறை குதித்து உள்ளே விழுந்தது. 92-90. ஏழாவது ஆட்டம் ஒன்று மணியோடு சேர்ந்து விழுந்த பந்தால் முடிந்தது என்.பி.ஏ. வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. பந்து குதிக்கும்போது லெனார்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். 2013-ன் அந்த இரவு அவருக்கு அப்போது நினைவுக்கு வந்திருக்குமா? எனக்கு வந்தது.

டொராண்டோ என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், மனம் கசந்தாலும். அதே ஆண்டு இறுதித் தொடர், ஜூன் 10, ஐந்தாவது ஆட்டம். ராப்டர்ஸ் 3-1 என்று முன்னிலை. இன்னும் ஒன்று வென்றால் கனடா நாட்டு அணி ஒன்றுக்கு முதல் கோப்பை. எதிரணி கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். அதன் கெவின் டுராண்ட் காலில் காயம்பட்டு ஒரு மாதம் வெளியே இருந்துவிட்டு அன்று திரும்பி வந்தார். 12 நிமிடத்தில் 11 புள்ளி. இரண்டாம் கால்பகுதியில் பந்தைத் தட்டிக்கொண்டு ஒரு அடி எடுத்து வைத்தவர், கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். குதிகால் தசைநார் அறுந்துவிட்டது.

அரங்கத்தில் ஒரு பகுதியினர் கைதட்டினார்கள். கையசைத்து 'போய் வா' என்றார்கள்.

ராப்டர்ஸ் வீரர்கள் கைல் லவ்ரி, செர்ஜ் இபாக்கா, டேனி கிரீன் மூவரும் தங்கள் சொந்த ரசிகர்களைப் பார்த்துக் கைகளை மேலும் கீழும் அசைத்து நிறுத்தச் சொன்னார்கள். வெற்றிக்கு ஒரு ஆட்டம் தூரத்தில் நின்றவர்கள் அவர்கள். எதிரணியின் மிகப் பெரிய ஆட்டக்காரர் விழுந்தால் லாபம் அவர்களுக்குத்தான். ஆனால் ஒரு தசைநார் அறுவது எப்படிப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியும், பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குத் தெரியவில்லை. டுராண்ட் தாங்கலாக நடந்து வெளியேறும்போது அதே அரங்கம் அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டியது. முதலில் தட்டியவர்களில் எத்தனை பேர் இரண்டாவது முறையும் தட்டினார்கள்? நிறையப் பேர் இருப்பார்கள் என்றுதான் நம்புகிறேன். ரசிகனின் நெஞ்சு ஒரே நிமிடத்தில் இரண்டு பக்கமும் போகக்கூடியது.

மூன்று நாள் கழித்து ஆறாவது ஆட்டத்தில் வாரியர்ஸின் கிளே தாம்ப்சன் முழங்கால் தசைநார் கிழிந்து, தாங்கிப் பிடிக்கப்பட்டு உடைமாற்று அறைப் பக்கம் போனார். இரண்டு ஃப்ரீ த்ரோ அவர் கணக்கில் பாக்கி இருந்தது. பாதி வழியில் திரும்பி நடந்து வந்தார். இரண்டையும் போட்டார். அப்புறம்தான் போனார். அந்தத் தொடரை வாரியர்ஸ் தோற்றது. அந்த இரண்டு புள்ளிகளைத் தோல்விக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

சரி, கணக்கு என்று வந்துவிட்டோம். ரசிகர்கள் சண்டை போடும்போது எல்லோரும் எடுக்கும் கடைசி ஆயுதம் மோதிரம். கோப்பை வென்றவர்களுக்கு அமெரிக்காவில் மோதிரம் கொடுப்பார்கள். 'மைக்கேல் ஜோர்டானுக்கு ஆறு. உன் ஆளுக்கு எத்தனை?' அதோடு பேச்சு முடிந்தது என்று நினைப்பு. ராபர்ட் ஹோரிக்கு ஏழு மோதிரம். நல்ல ஆட்டக்காரர், நெருக்கடியில் கை நடுங்காதவர், மூன்று அணிகளோடு வென்றவர். ஆனால் ஆண்டுதோறும் சிறந்த வீரர்களைத் தேர்ந்து அமைக்கும் ஆல்-ஸ்டார் அணியில் ஒரு தடவைகூட இடம்பெற்றதில்லை. மோதிரத்தை எண்ணினால் அவர் ஜோர்டானுக்கு மேலே. அப்படிச் சொல்ல ஹோரியே ஒத்துக்கொள்ள மாட்டார்.

மறுபக்கம் ஜெர்ரி வெஸ்ட். லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ். ஒன்பது முறை இறுதித் தொடர் ஆடி எட்டு முறை தோற்றவர். 1969 மே 5, பாஸ்டனுக்கு எதிராக ஏழாவது ஆட்டம், சொந்த அரங்கத்தில். வெற்றி நிச்சயம் என்று லேக்கர்ஸ் உரிமையாளர் கூரையில் ஆயிரக்கணக்கில் பலூன்களைக் கட்டி வைத்திருந்தார். தொடையில் காயத்தோடு ஆடிய வெஸ்ட் 42 புள்ளி, தவறித் திரும்பிய பந்தைப் பிடித்த ரீபவுண்ட் 13, கூட்டாளி கூடை போடப் பந்து கொடுத்த அசிஸ்ட் 12. இரண்டே புள்ளியில் தோல்வி, 108-106. பலூன்கள் கூரையிலேயே தங்கிவிட்டன. இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதை அந்த ஆண்டுதான் முதன்முதலாகக் கொடுத்தார்கள். அதைத் தோற்ற வெஸ்ட்டுக்குக் கொடுத்தார்கள். தோற்ற அணியில் அதை வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். பிறகு 1972-ல் ஒரே ஒரு முறை வென்றார். என்.பி.ஏ. சின்னத்தில் பந்தோடு சாய்ந்து ஓடும் உருவம் அவருடைய புகைப்படத்தைப் பார்த்து வரைந்ததுதான். கணக்கில் எட்டு தோல்வி உள்ளவரின் நிழல் எல்லாருடைய சட்டையிலும் இருக்கிறது.

இப்போது கிளீவ்லாந்துக்கு வருகிறேன். நான் இங்கே பேச ஒத்துக்கொண்டதே இதற்காகத்தான்.

கிளீவ்லாந்து நகரத்தின் எந்தப் பெரிய அணியும் 1964-க்குப் பிறகு ஐம்பது ஆண்டுக்கு மேல் கோப்பை வெல்லவில்லை. அந்த ஊர் ரசிகர்கள் தங்கள் துக்கங்களுக்குப் பெயர் வைத்திருந்தார்கள்: 'தி டிரைவ்', 'தி ஃபம்பிள்', 'தி ஷாட்'. முதல் இரண்டும் அமெரிக்கக் கால்பந்தில் பட்ட தோல்விகள். மூன்றாவது, 1989-ல் மைக்கேல் ஜோர்டான் கடைசி நொடியில் காற்றில் தொங்கியபடி போட்ட கூடை. பெயரைச் சொன்னால் போதும், எந்த ஆண்டு, எந்த இரவு என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊருக்குப் பக்கத்தில், ஏக்ரானில் பிறந்தவர் லெப்ரான். 2003-ல் பள்ளி முடித்த கையோடு சொந்த ஊர் அணிக்கே வந்தார். பத்து மாடி உயரத்துக்கு அவர் படத்தை ஒரு கட்டடத்தில் தொங்கவிட்டார்கள், இரண்டு கையையும் விரித்து அண்ணாந்து நிற்கும் படம்.

2010 ஜூலை 8. மயாமிக்குப் போகிறேன் என்று தொலைக்காட்சியில் நேரலையாக அறிவித்தார். அன்று இரவே கிளீவ்லாந்து தெருக்களில் அவருடைய 23 எண் போட்ட சட்டைகள் எரிந்தன. அந்தப் படத்தையும் இறக்கிவிட்டார்கள். அவர் செய்தது சரியா தவறா என்பது வேறு பேச்சு. ஊரைவிட்டுப் போகும் உரிமை எவருக்கும் உண்டு; அதை ஒரு நிகழ்ச்சியாக்கிச் சொன்னது கொடுமை என்பது என் எண்ணம். ஆனால் சட்டையை எரித்தவர்களை நான் வெறும் முரடர்கள் என்று சொல்ல மாட்டேன். பிடிக்காதவரின் சட்டையை யாரும் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்திருப்பதில்லை.

மயாமியில் 2011-ல் அவர் தோற்றபோது அமெரிக்கா முழுக்க அதே தீர்ப்பு: 'இவர் இவ்வளவுதான்.' 2012-லும் 2013-லும் வென்றார். 2014-ல் கிளீவ்லாந்துக்கே திரும்பினார். 2015 இறுதித் தொடரில் கைரி அர்விங் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் சில்லு உடைந்து போக, கிட்டத்தட்டத் தனியாளாக நின்று சராசரி 35 புள்ளிக்கு மேல் எடுத்தும் வாரியர்ஸிடம் தோற்றார். அவரைத் தடுத்து ஆடிய ஆண்ட்ரே இகுடாலாவுக்குச் சிறந்த வீரர் விருது போனது.

2016-ல் மறுபடி அதே வாரியர்ஸ். 73 வெற்றி, 9 தோல்வி. அப்படி ஒரு பருவத்தை எந்த அணியும் ஆடியதில்லை. ஸ்டெஃபன் கரி அந்த ஒரே பருவத்தில் 402 மூன்று புள்ளிக் கூடைகள் போட்டிருந்தார். நான்கு ஆட்டம் முடிந்ததும் வாரியர்ஸ் 3-1 என்று முன்னிலை. அதுவரை இறுதித் தொடரில் 3-1 என்று பின்தங்கிய 32 அணிகளும் தோற்றிருந்தன. ஐந்தாவது ஆட்டத்தில் லெப்ரான் 41, அர்விங் 41. ஆறாவதில் லெப்ரான் மறுபடி 41.

ஜூன் 19, ஓக்லாந்தில் ஏழாவது ஆட்டம். 89-89. அந்த இடத்தில் எண்கள் உறைந்துவிட்டன. நான்கு நிமிடத்துக்குக் கிட்ட உலகின் மிகச் சிறந்த எறிவாளர்கள் எறிகிறார்கள், ஒன்றும் விழவில்லை. ஏறக்குறைய இரண்டு நிமிடம் இருக்கும்போது இகுடாலா பந்தோடு கூடையை நோக்கி ஓடுகிறார், முன்னால் ஜே.ஆர். ஸ்மித் மட்டும். ஸ்மித்தைத் தாண்டுவதற்காக இகுடாலா பந்தை ஒரு கணம் கையில் தாழ்த்துகிறார். அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. பின்னாலிருந்து ஆடுகளத்தின் முழு நீளத்தையும் ஓடி வந்த லெப்ரான், பலகைக்குப் பக்கத்தில் எழும்பி, பந்தைப் பலகையோடு சேர்த்து அறைந்தார். போன ஆண்டு விருது வாங்கியவர் கையிலிருந்து போன பந்து. பிறகு 53 விநாடி இருக்கையில் கரியின் கைக்கு மேலே அர்விங் மூன்று புள்ளி போட்டார். 92-89. ஆட்டம் 93-89 என்று முடிந்தது.

லெப்ரான் தரையில் குப்புற விழுந்து அழுதார். எழுந்து, 'கிளீவ்லாந்து, இது உனக்காக' என்று கத்தினார். ஆட்டம் நடந்தது மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். ஆனாலும் கிளீவ்லாந்து அரங்கத்தில் திரையில் பார்ப்பதற்காகவே இருக்கைகள் நிரம்பியிருந்தன. மூன்று நாள் கழித்து ஊர்வலத்துக்கு வந்தவர்கள் 13 லட்சம் என்று கணித்தார்கள். நகரத்தின் மக்கள்தொகை நான்கு லட்சத்துக்கும் குறைவு.

அந்தக் கூட்டத்தில் 2010-ல் சட்டையை எரித்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். கதவுக்கு வெளியே போனவர்கள் அவர்கள். ஆறு ஆண்டு கழித்து அந்தக் கதவு அவர்களுக்குத் திறந்தது.

2010 டிசம்பர் 2 அன்று லெப்ரான் மயாமி சட்டையில் முதல் முறையாகக் கிளீவ்லாந்துக்கு ஆட வந்தார். பந்து அவர் கைக்குப் போகும்போதெல்லாம் அரங்கம் ஊளையிட்டது. 38 புள்ளி எடுத்து அணியை வெல்ல வைத்துவிட்டுப் போனார். 2018-ல் அவர் இரண்டாவது முறையாகக் கிளீவ்லாந்தை விட்டுப் போனார், இந்த முறை லேக்கர்ஸுக்கு. அந்த நவம்பர் 21 அன்று லேக்கர்ஸ் சட்டையில் அதே அரங்கத்துக்கு வந்தார். ஆட்டத்தின் நடுவே அவரைப் பற்றிய படத்தொகுப்பு ஒன்றைத் திரையில் ஓடவிட்டார்கள். மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் கையை உயர்த்தி நாலு பக்கமும் திரும்பினார். அன்றும் 32 புள்ளி எடுத்து அவர்கள் அணியைத் தோற்கடித்தார். அதற்கு முன்னாலேயே அவர்கள் கைதட்டி முடித்திருந்தார்கள்.