பரிசேயனும் ஸ்தோத்திரம்தான் சொன்னான்

(யாங்கோனில் ஒரு தமிழ்ச் சபையின் அறுப்பின் பண்டிகையில் பேசியது)

சபையார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வெளியே வாழைத்தாரும் பூசணிக்காயும் ஏலத்துக்குக் காத்திருக்கின்றன. வெயிலும் ஏறுகிறது. அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

போன வருஷம் இதே பண்டிகையில் நான் சாட்சி சொன்னேன். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்ததற்காகக் கர்த்தருக்கு நன்றி என்று ஆரம்பித்தேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். சம்பளம், தங்க வீடு, கூடப் படித்தவர்களில் இவனுக்குத்தான் முதலில் கிடைத்தது என்று போய்க்கொண்டே இருந்தேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு அம்மா கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அவர் மகன் நாலு வருஷமாக வேலை தேடுகிறான். மைக்கை வைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் அது என் கண்ணில் பட்டது.

எங்கள் வீட்டில் ராத்திரி ஜெபத்தில் வேதத்தை அதிகாரம் அதிகாரமாக வாசிப்போம். அன்றைக்கு வந்தது லூக்கா 18. கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் என் அம்மா விரலை வைத்து மெதுவாக வாசித்தார். இயேசு சொன்ன உவமையில் பரிசேயன், அதாவது வேதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளுகிற யூதன், ஆலயத்தில் ஜெபம் பண்ணுகிற இடம் வந்தது. அங்கே ஒரு ஆயக்காரனும், அதாவது வரி வசூலிக்கிறவனும், நிற்கிறான். மற்ற மனுஷரைப்போலவும் இந்த ஆயக்காரனைப்போலவும் இல்லாததனால், "உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறான். எத்தனையோ தடவை கேட்ட வசனம்தான். அன்றைக்குத்தான் உறைத்தது: இவன் கடவுளிடம் ஒன்றுமே கேட்கவில்லை! ஜெபம் முழுக்க நன்றிதான். ஆயக்காரனோ நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, கிருபையாயிரும் என்று கேட்டான். நீதிமானாக வீடு திரும்பியது அவன்.

சரி, நன்றி சொல்வது தப்பா? ஒரு அதிகாரம் முன்னால், லூக்கா 17-ல், இயேசு சுகமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன், ஒரு சமாரியன், திரும்பி வருகிறான். அவனும் ஸ்தோத்திரம் செலுத்துகிறான். கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல்தான். ஆனால் பரிசேயன் நின்றுகொண்டு சொன்னான், சமாரியன் இயேசுவின் பாதத்தருகே முகங்குப்புற விழுந்து சொன்னான். தரையில் முகம் வைத்தவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் தன்னைவிட மட்டமா என்று பார்க்க முடியாது, இல்லையா?

இந்த ஊர் பாஷையில் இது இன்னும் நன்றாகப் புரியும். கடைத்தெருவில் நன்றி சொல்ல தினமும் 'செஸு தின் பா தே' என்கிறோம். செஸு என்றால் உபகாரம், தின் என்றால் மேலே ஏற்றுவது. நீ செய்த உபகாரம் என்மேல் ஏறியிருக்கிறது என்கிற மாதிரி. சுமை ஏறினால் தலை தானாகக் குனியும்.

பர்மிய பாஷைக்கு வேதாகமத்தைக் கொடுத்த அமெரிக்க மிஷனரி ஜட்சனை உங்களுக்குத் தெரியும். 1824-ல் ஆங்கிலேயரோடு போர் மூண்டதும் அவரை அன்றைய தலைநகரான ஆவாவில் சிறையில் போட்டார்கள். புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை மனைவி முதலில் வீட்டுக்கடியில் புதைத்தார். ஈரத்தில் கெட்டுப்போகும் என்று பயந்து, அப்புறம் எடுத்து, சிறையில் ஜட்சன் தலைவைத்துப் படுக்கும் தலையணைக்குள் வைத்துத் தைத்தார். யாரும் ஆசைப்படக் கூடாதென்று அதைக் கரடுமுரடாகவே செய்தார். கைதிகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோனபோது தலையணை குப்பையாகக் கிடந்தது. மௌங் இங் என்ற சீஷர், ஐயாவின் ஞாபகமாக இருக்கட்டும் என்று அதை வீட்டுக்கு எடுத்துப்போனார். உள்ளே என்ன இருந்தது என்று பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. 1834-ல் ஜட்சன் முழு வேதாகமத்தையும் முடித்தார். நம் பக்கத்துச் சபையில் இன்றைக்கும் வாசிக்கிறார்களே, அது அவர் மொழிபெயர்ப்புதான். மௌங் இங் எடுத்தது ஒரு பழைய தலையணை, அவ்வளவுதான். அதற்கு அவர் என்ன சாட்சி சொல்லியிருப்பார்?

அடுத்தது சாட்சி நேரம். அந்த அம்மாவும் வந்திருக்கிறார், மகனுக்கு இன்னும் வேலை ஆகவில்லை. இந்த வருஷம் முதலில் பேசுகிறேன் என்று அவரே போதகரிடம் பெயர் கொடுத்திருக்கிறார். அம்மா, வாருங்கள், மைக் இதோ.