வலது லேனில் ஏன் எல்லாரும் நிற்கிறார்கள்?

(திரையில்: மேம்பாலத்திலிருந்து பிஐஇ விரைவுச்சாலை, காலை நேரம்)

வணக்கம். சிங்கப்பூரில் கார் ஓட்டுகிற யாரிடமாவது "ரோட்டில் உங்களுக்கு எது எரிச்சல்?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்கவே மாட்டார்கள். வலது லேனை விட்டு நகராதவர். சிக்னல் போடாமல் நுழைகிறவர். எக்சிட் வரைக்கும் சும்மா வந்துவிட்டுக் கடைசி நேரத்தில் மூக்கை நுழைக்கிறவர். மூன்றும் தனித்தனிக் குற்றம் மாதிரித் தெரிந்தாலும், ஒன்றை இழுத்தால் மற்ற இரண்டும் கூடவே வரும். எப்படி என்று பார்க்கலாம்.

முதலில் விதி. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், அதனால் வலது ஓரத் தடம் முந்திச் செல்வதற்கு. தடங்களை எண்ணுவதும் வலமிருந்துதான். வானொலியில் "லேன் 1-ல் விபத்து" என்றால் வலது ஓரம் என்று அர்த்தம். முந்தி முடித்ததும் இடப்பக்கம் திரும்பிவிட வேண்டும். லைசென்ஸுக்கான எழுத்துத் தேர்வில் இதற்கு எல்லாரும் சரியாகத்தான் பதில் சொல்கிறோம். அப்புறம் என்ன ஆகிறது?

இடது தடத்தைப் பாருங்கள்.

(திரையில்: லாரியின் பின்பக்கம், அதில் ஒட்டியிருக்கும் வட்ட வேக எண்)

விரைவுச்சாலையில் காருக்கு வேக வரம்பு இடத்தைப் பொறுத்து 70 முதல் 90 வரை. ஆனால் அதே சாலையில் சிறிய சரக்கு வண்டிக்கு 70, பெரிய லாரிக்கு 60. அதாவது ஒரே தார்ச்சாலையில் மூன்று சட்டப்படியான வேகங்கள். மணிக்கு 60-ல் போகிற லாரிக்குப் பின்னால் 90-ல் ஒரு கார் வந்தால், இடைவெளி நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் சுருங்குகிறது. தேக்காவில் ஒரு லாரி ஓட்டுநர் அண்ணன் என்னிடம் சொன்னார்: "தம்பி, என் வண்டி 60-க்கு மேல போகக் கூடாது. பின்னாடி வர்றவரு ஹார்ன் அடிச்சா நான் என்ன பறக்கவா முடியும்?" நியாயமான கேள்வி. 3,501 முதல் 12,000 கிலோகிராம் வரையிலான லாரிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் படிப்படியாகக் கட்டாயமாகி வருகிறது. இனி அவர் நினைத்தாலும் வேகமாகப் போக முடியாது.

இது போதாதென்று, இதே இடது தடத்தில்தான் உள்ளே வருகிற வண்டிகளும் வெளியே போகிற வண்டிகளும் குறுக்கே சந்திக்கின்றன. நம் தீவு சின்னது. எக்சிட்கள் நெருக்கமாக இருக்கின்றன. ஒரு இணைப்புச் சாலையிலிருந்து ஏறுகிறவர் வலப்பக்கம் நகரப் பார்ப்பார். அடுத்த எக்சிட்டில் இறங்குகிறவர் அதே நூறு, இருநூறு மீட்டருக்குள் இடப்பக்கம் வரப் பார்ப்பார். இந்தக் குழப்பத்தைத் தினமும் பார்க்கிறவர் நடுத்தடத்துக்குப் போகிறார். அங்கேயும் வேன்கள். கடைசியில் வலது ஓரத்தில் போய் அமர்ந்துகொள்கிறார். நிம்மதி.

ஆக, வலது லேனைப் பிடித்துக்கொள்கிறவரின் சாக்கில் பாதி உண்மை. மீதிப் பாதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏனென்றால் இடப்பக்கம் அரை கிலோமீட்டருக்கு வெறிச்சோடிக் கிடக்கும்போதும் அவர் அங்கேயேதான் இருக்கிறார். கேட்டால், "நான் 90-ல் போகிறேன், வரம்பே அதுதான், எனக்குப் பின்னால் வருகிறவர் சட்டத்தை மீறுகிறார்" என்பார்.

இதில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, எந்தத் தடத்தில் போக வேண்டும் என்பது ஒரு விதி, எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்பது வேறொரு விதி. இரண்டாவதைக் கடைப்பிடித்தால் முதலாவது தள்ளுபடி ஆகிவிடாது. அடுத்தவரின் வேகத்தைக் கவனிக்கப் போக்குவரத்துக் காவல்துறை இருக்கிறது. இன்னொன்று, உங்கள் மீட்டர். ஐநா வாகன விதி 39-ன்படி வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, ஆனால் ஓரளவு கூட்டிக் காட்டலாம். அதனால் தயாரிப்பாளர்கள் கொஞ்சம் கூட்டித்தான் வைக்கிறார்கள். மீட்டரில் 90 என்றால் பல கார்களில் உண்மை வேகம் அதைவிடச் சில கிலோமீட்டர் குறைவு.

சரி, பின்னால் ஒட்டிக்கொண்டு லைட் அடிக்கிறவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பிஐஇ சுமார் 42 கிலோமீட்டர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 80-ல் போனால் முப்பத்தொன்றரை நிமிடம், 90-ல் போனால் 28 நிமிடம். தீவையே கடந்தாலும் மிச்சமாவது மூன்றரை நிமிடம்தான், அதுவும் நெரிசலே இல்லாதபோது. காலை எட்டு மணிக்கு அந்தக் கணக்கும் கிடையாது. ஆனால் 90-ல் நொடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. இரண்டு நொடி இடைவெளி வேண்டுமென்றால் 50 மீட்டர் விட வேண்டும்.

விட்டால் யாராவது நுழைந்துவிடுவார்களே?

நுழைவார்கள். இங்கேதான் சிக்னல் கதை வருகிறது. சிக்னல் போட்டால் பின்னால் இருப்பவர் இடைவெளியை அடைக்கிறார். அதனால் போடாமலே நுழைகிறார்கள். போடாமலே நுழைவதால் பின்னால் இருப்பவர் எப்போதும் ஒட்டியே ஓட்டுகிறார். கியாசு, அதாவது எதிலும் பின்தங்கிவிடுவோமோ என்கிற பயம், என்று சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது.

(திரையில்: வட்டப் பாதையில் ஓடும் கார்களின் அசைவூட்டப் படம்)

நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர் தலைமையில் ஜப்பானியக் குழு ஒன்று 2008-ல் ஒரு சோதனையை வெளியிட்டது. 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தில் 22 கார்கள். எல்லாரும் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். விபத்து இல்லை, சிவப்பு விளக்கு இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் லேசாக வேகம் குறைக்க, பின்னால் இருப்பவர் இன்னும் கொஞ்சம் குறைக்க, சில கார்கள் முழுதாக நின்றேவிட்டன. அந்த நெரிசல் அலை பின்னோக்கி நகர்ந்தது. சிடிஇ விரைவுச்சாலையில் காரணமே தெரியாமல் நின்று, காரணமே தெரியாமல் மறுபடி கிளம்புகிறோமே, அதில் பல தடவை நடப்பது இதுதான். இடைவெளி இருந்தால் அந்த அலை அதில் கரையும். ஒட்டி ஓட்டினால் பின்னால் வருகிறவர்கள் தலையில் விழும்.

இப்போது எக்சிட். அன்னதான வரிசையில் பக்கவாட்டில் வந்து தட்டை நீட்டுகிறவரை நமக்குத் தெரியும். எக்சிட்டில் மூக்கை நுழைக்கிறவர்களில் ஒரு பகுதி அவர்தான், சந்தேகமே வேண்டாம். இன்னொரு பகுதி, உண்மையிலேயே வழி புரியாதவர். 90-ல் போகும்போது 300 மீட்டருக்கு முன்னால் ஒரு பலகையைப் பார்த்தால், கையில் இருப்பது 12 நொடி. வலது ஓரத்தில் அமர்ந்திருப்பவர் அதற்குள் மூன்று தடம் மாற வேண்டும். யாரும் இடம் விடாத சாலையில்! மூன்று எரிச்சல்களும் ஒரே சங்கிலி என்றேனே, முடிச்சு இங்கேதான்.

அமைப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வழி தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மரினா கோஸ்டல் விரைவுச்சாலை, அதாவது எம்சிஇ, நல்ல உதாரணம். பக்கத்துக்கு ஐந்து தடம், கடலுக்கு அடியிலும் போகிற சுரங்கம், 2013 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை திறந்தார்கள். மறுநாள் காலை வேலைக்குப் போனவர்கள் கடும் நெரிசலில் மாட்டிக்கொண்டார்கள். நகருக்குப் போக எந்த எக்சிட் என்று தெரியாமல் பலர் தடுமாறினார்கள், வெளியே சந்திப்புகளிலும் வண்டிகள் தேங்கின. பிறகு அறிவிப்புப் பலகைகளையும் விளக்கு நேரத்தையும் சரிசெய்தார்கள். சாலை அதேதான். மாறியது தகவல்.

வேக வரம்பில் வரும் குழப்பங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பலகையே இல்லாத சாலையில் 50. பள்ளி வட்டாரத்தில் விளக்கு மினுக்கினால் 40. முதியவர்கள் நடமாடும் சில்வர் ஸோனில் 40 அல்லது 30. கேமராவைப் பார்த்ததும் பிரேக் அடிக்கும் பழக்கம் தானா மேரா கோஸ்ட் ரோட்டில் உதவாது, அங்கே 2018 முதல் நுழைவிலிருந்து முடிவு வரை சராசரி வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். 2024 ஏப்ரலிலிருந்து சிவப்பு விளக்குக் கேமராக்களையும் படிப்படியாக வேகத்தைப் பிடிக்க வைத்திருக்கிறார்கள். 2026 ஜனவரி 1 முதல் வேக மீறலுக்கு அபராதமும் குற்றப் புள்ளிகளும் கூடிவிட்டன. 24 மாதத்தில் 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் இடைநிறுத்தம்.

எக்சிட்டைத் தவறவிட்டால்? தவறவிட்டதுதான். அடுத்ததில் இறங்குங்கள். கோடு போட்ட முக்கோணத்தில் நிறுத்தி யோசிக்க வேண்டாம், ரிவர்ஸ் எடுக்கவே வேண்டாம். இறங்கியதும் கண்ட இடத்தில் யூ-டர்ன் போட முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். பல நாடுகளில் தடைப் பலகை இல்லாவிட்டால் திரும்பலாம். இங்கே அனுமதிப் பலகை இருந்தால்தான் திரும்பலாம். ஜோகூரிலிருந்து வருகிற உறவினருக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள். சிராங்கூன் ரோட்டில் லிட்டில் இந்தியா பகுதி ஒருவழி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், கடையைத் தாண்டிவிட்டால் ஒரு சுற்று சுற்றித்தான் வர வேண்டும். தீபாவளி வாரத்தில் அந்த ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

உங்களைத் தினமும் குழப்புகிற சந்திப்பு எது என்று கீழே எழுதுங்கள், வரைபடத்தோடு அலசுவோம். நியூட்டன் சர்க்கஸ் ரவுண்டானா என்று எழுத வருகிறவர்கள் சிரமப்பட வேண்டாம். அதற்குத் தனி வீடியோ வருகிறது, அதுவும் கொஞ்சம் நீளமாகவே.