அச்சு வாங்கும் முன் அளவு நாடா

வானொலி நேயர்களுக்கு வணக்கம். பழைய ஜீப்புகளைப் பழுதுபார்க்கும் பட்டறைக்காரன் என்ற முறையில், நான்கு சக்கர இழுவை உள்ள பழைய வண்டிக்குக் கனமான பின்னச்சைக் குறைந்த செலவில் மாட்டுவது பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

நம் நெல்லைச் சீமையில் பழைய ஜீப் இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஐப்பசி மழையில் களக்காடு, திருக்குறுங்குடிப் பக்கத்து வாழைத் தோட்டங்களின் சேற்றிலிருந்து தார் ஏற்றி வருகிறது. சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் இடையே கிடக்கும் செம்மண் தேரியில் புதைந்து புதைந்து எழுகிறது. ஆனால் வில்லிஸ் என்ற அமெரிக்க ஜீப்பின் வழியில் வந்த அந்த வண்டி சிறிய பெட்ரோல் எஞ்சினுக்கும் ஒல்லி டயருக்கும் கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டது. நாம் அதில் டீசல் எஞ்சினை இறக்கி, அகல டயரை மாட்டி, மேலே பாரமும் ஏற்றிவிடுகிறோம். முதல் கியரில் ஏறத்தாழ 2.8 மடங்கு, இழுவையை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸின் லோவில், அதாவது மெதுவான கியரில், 2.46 மடங்கு, அச்சுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனும் சிறியதான பினியனும் சேருமிடத்தில் 5.38 மடங்கு என்று எஞ்சினின் திருகு விசை பெருகிப் பெருகிப் போகிறது. மூன்றையும் பெருக்கினால் 37 மடங்கு. பாரம் ஏற்றிய வண்டியில் அந்த விசையின் பெரும்பங்கு கடைசியில் வந்து இறங்குவது, சக்கரத்தைத் திருப்பும் தண்டான பின்பக்க ஆக்சில் ஷாஃப்டில்தான். டயர் பெரிதாகப் பெரிதாக ஷாஃப்ட் தாங்க வேண்டிய திருகலும் கூடுகிறது.

கனமான அச்சு என்றதும் எல்லோரும் பெரிய கிரவுனைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, பாரத்தைத் தாங்குவது எது என்பதை. மாட்டு வண்டியில் அச்சு சுழலாது. பாரம் அச்சின் மேல் நிற்க, சக்கரம் அதைச் சுற்றி உருளும். ஃபுல் ஃப்ளோட்டிங் என்று பட்டறையில் சொல்லும் அமைப்பும் அப்படித்தான்: சக்கரத்தின் குடமான ஹப் இரண்டு பேரிங்குகளோடு, அச்சின் வெளிக்கூடான ஹவுசிங் குழாயின் முனையிலேயே உட்கார்ந்துகொள்ளும், உள்ளே போகும் ஷாஃப்டுக்குச் சக்கரத்தைத் திருப்புவது மட்டுமே வேலை. செமி ஃப்ளோட்டிங்கில் அதே ஷாஃப்ட் வண்டியின் பாரத்தையும் சுமந்து, சக்கரத்தையும் திருப்ப வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து வில்லிஸ் ஜீப்பின் பின்னச்சு ஃபுல் ஃப்ளோட்டிங்காக இருந்தது. பின்னால் வந்த ஜீப்புகளில் கிரவுன் பெரிதாயிற்று, அச்சு செமி ஃப்ளோட்டிங் ஆகிவிட்டது. எனக்கு அது இன்றும் மனத்தாங்கல்தான்.

உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி வியாபாரி ஒருவர் கதையைச் சொன்னால் இது விளங்கும். அவருடைய ஜீப்பில், கூம்பாகக் கடைந்த ஷாஃப்ட் முனையில் ஹப்பைச் சொருகி, சாவி என்று நாங்கள் சொல்லும் சிறு இரும்புத் துண்டும் நட்டும் போட்டு இறுக்கும் பழைய வகை அச்சு. அந்த நட்டு சிறிது தளர்ந்தாலும் போதும். ஒவ்வொரு முறை கிளட்சை விடும்போதும் ஹப் அசைந்து, சாவியைத் தின்று, சாவிக் காடியின் மூலையில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தொடங்கி வைக்கும். தேரியில் பாரத்தோடு ஏறும்போது அந்த இடத்தில் ஷாஃப்ட் முறிந்து, பிரேக் டிரம்மோடு சக்கரம் கழன்று போய்விட்டது. தொலைபேசியில் அவர் சொன்னது: “அண்ணாச்சி, வண்டி ஓரெடத்துல நிக்கி, சக்கரம் ஓரெடத்துல நிக்கி.” கருப்பட்டியை இறக்கி, டிராக்டர் வரவழைத்து, வண்டியைத் தூக்கி வருவதற்குள் அவருக்கு ஆன செலவில் பழைய அச்சொன்றையே வாங்கியிருக்கலாம். அதன்பின் உடைப்புக்கு வந்த ஒரு பார வண்டியிலிருந்து ஃபுல் ஃப்ளோட்டிங் அச்சை எடுத்து மாட்டினோம். மனிதர் பாரத்தைக் குறைத்தாரா என்றால் இல்லை, கூட்டினார். அதனால் பின்னொரு நாள் அதிலும் ஷாஃப்ட் முறிந்தது. ஆனால் சக்கரம் தன் இடத்தில் நின்றது. முறிந்த துண்டை உருவிவிட்டு, ஹப்பின் வாயைத் துணியால் அடைத்து, முன் சக்கர இழுவையைப் போட்டு அவரே மெல்ல ஓட்டிவந்துவிட்டார். முறியவே முறியாத அச்சு என்று எதுவும் கிடையாது. முறிந்த பிறகு வண்டி வீடு வந்து சேருமா என்பதைத்தான் நான் கேட்பேன்.

இனி வாங்கும் விஷயம். முன்னச்சும் பின்னச்சும் ஒரே கிரவுன் பினியன் விகிதத்தில் இருக்க வேண்டும். முன்னால் 5.38, பின்னால் 4.88 என்று மாட்டிவிட்டு நான்கு சக்கர இழுவையைப் போட்டால், கெட்டியான தரையில் இரண்டு அச்சும் ஒன்றை ஒன்று முறுக்கி டிரான்ஸ்பர் கேஸை உடைத்துவிடும். கடைக்காரர் வாய்வார்த்தையை நம்ப வேண்டியதில்லை. பழைய இரும்புக் கடையில் கிடக்கும் அச்சின் ஒரு பக்கத்து ஹப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்து ஹப்பை இருபது சுற்றுச் சுற்றச் சொல்லி, பினியன் எத்தனை முறை சுழல்கிறது என்று எண்ணுங்கள். ஒரு பக்கத்தைப் பிடித்திருப்பதால் இருபது சுற்று பத்துச் சுற்றுக்குத்தான் கணக்கு: 54க்குச் சற்றுக் குறைந்தால் 5.38, 49க்குச் சற்றுக் குறைந்தால் 4.88. திரும்பச் சொல்கிறேன்: ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் இருபது சுற்று. விகிதம் ஒத்துவரவில்லை என்றால், முன்னச்சையும் அதே வண்டியிலிருந்து ஜோடியாகக் கேட்டு வாங்குவதே மலிவு. தனியாகக் கிரவுன் பினியன் தேடி, அதைப் பல் படியும்படி பொருத்துவதற்கான கூலியில் கையிருப்பு கரைந்துவிடும்.

அடுத்து, நாடாவைப் பிடியுங்கள். சக்கரம் படியும் முகத்திலிருந்து மறு முகம் வரை அகலம், வண்டியைத் தாங்கும் வில் பட்டைகள் உட்காரும் இடைவெளி, பினியன் நடுவில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா என்பது, இந்த மூன்றும் வேண்டும். பழைய ஜீப்பின் டிரான்ஸ்பர் கேஸ் வலப்பக்கம் தள்ளி நிற்பது. நடுவில் பினியன் உள்ள அச்சை அதற்கு மாட்டினால் இரண்டையும் இணைக்கும் ஜாயிண்ட் ஷாஃப்ட் பக்கவாட்டில் சாய்ந்து, அதன் மூட்டான கிராஸ் அடிக்கடி போகும். அச்சு மலிவாகக் கிடைத்துவிடும். அதைப் பொருத்துவதில்தான் பணம் போகும். பட்டை உட்காரும் தட்டுகளைப் பற்றவைக்கும்போது வண்டியின் பாரம் முழுவதையும் பட்டையில் இறக்கி, ஜாயிண்ட் ஷாஃப்டை மாட்டும் தட்டுகளான டிரான்ஸ்பர் கேஸின் பிளேஞ்சும் பினியன் பிளேஞ்சும் இணையாக நிற்கும்படி வைத்து, முதலில் புள்ளி வைத்து, பிறகு இந்தப் பக்கம் சிறிது, அந்தப் பக்கம் சிறிது என்று ஆறவிட்டு ஆறவிட்டு வையுங்கள். ஒரே மூச்சில் வைத்தால் குழாய் வளைந்துவிடும். பட்டையை அச்சோடு பிணைக்கும் யு போல்ட் மட்டும் புதிதாகவே வாங்க வேண்டும்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரத்தைக் காட்டுகிறார்கள்; பிரேக்கைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். பெரிய அச்சின் வீல் சிலிண்டர் அதிக எண்ணெயைக் கேட்கும். பெடல் தாழ்ந்தால் மாஸ்டர் சிலிண்டரையும் மாற்ற வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே வேலையைத் தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இன்னொன்று, பழைய ஜீப்பின் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்பர் கேஸின் பின்புறத்தில் இருக்கிறது. பின் ஷாஃப்டை உருவிய வண்டியை அது நிறுத்தாது, சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகே கீழே படுங்கள். வணக்கம்.